சும்மா கிடந்த வகுப்பறையில் ஓர் அருங்காட்சியகம்: முதல் கண்காட்சி வைப்பவர்களுக்கு

“கண்ணாடி அலமாரி வாங்கியாச்சு, உள்ளே என்ன வைக்கிறதுன்னு சொல்லுங்க” என்று இந்த ஆண்டில் மட்டும் மூன்று ஊர்க்காரர்கள் என்னிடம் கேட்டுவிட்டார்கள். மூன்று பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். அலமாரியை ஒரு மூலைக்கு நகர்த்துங்கள். ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த நான்கு பாட்டிமாரை அழைத்து உட்கார வைத்து, தே ஓ (பால் இல்லாத தேநீர்) கலக்கிக் கொடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நாங்கள் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில். ஒரு காலத்தில் பட்டணத்தைச் சுற்றி எங்கு பார்த்தாலும் ரப்பர் நிரைகள், அதாவது வரிசை வரிசையாக ரப்பர் மரங்கள். இன்று பெரும்பாலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்தவர்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். எங்கள் கூடம் ஒரே ஓர் அறை. மாணவர் எண்ணிக்கை குறைந்ததால் பூட்டிக் கிடந்த வகுப்பறை. அதில் கலையையும் அறிவியலையும் ஊர்க்கதையையும் கலந்து கண்காட்சி வைக்கிறோம், மாதம் ஒரு சனிக்கிழமை நிகழ்ச்சி நடத்துகிறோம். தட்டுத் தடுமாறிக் கற்றதை, புதிதாகத் தொடங்குபவர்களுக்காக இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: ஆள் சேருங்கள்

ஏழு பேர் சேராமல் தொடங்காதீர்கள். ஏழு ராசியான எண் என்பதால் சொல்லவில்லை. 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டம் ஏழு பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ கூடியதைத்தான் சங்கம் என்கிறது. சங்கப் பதிவிலாகாவில் பதிந்துகொண்டால் நன்கொடை, கணக்கு வழக்கு எதுவும் தனி ஒருவர் பேரில் ஓடாது. பணம் ஒருவருடைய சொந்தக் கணக்கில் கிடந்தால் ஆறாம் மாதம் மனக்கசப்பு வரும். எங்களுக்கும் வந்தது.

ஏழு பேரில் கணக்கு எழுதத் தெரிந்தவர் ஒருவர், ஆணி அடிக்கத் தெரிந்தவர் ஒருவர், வாத்தியார் ஒருவர், கைப்பேசியில் நல்ல படம் எடுக்கும் பிள்ளை ஒன்று வேண்டும். எல்லாரையும்விட, நிஜமாகவே ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர் ஒருவராவது கட்டாயம் வேண்டும். அவர் இல்லாமல் வைக்கும் தோட்டப்புறக் கண்காட்சியில் கத்தியைத் தலைகீழாக மாட்டி வைப்பார்கள். நானே மாட்டியிருக்கிறேன்.

பள்ளி அறை கிடைக்கும்போலிருந்தால் தலைமையாசிரியர், மாவட்டக் கல்வி அலுவலகம் இரண்டு இடத்திலும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்வார்த்தை அனுமதி தலைமையாசிரியர் மாற்றலாகும் வரைதான்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து ஒரு நல்ல அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். எங்களுக்குப் பக்கம் தைப்பிங்கில் இருக்கும் பேராக் அருங்காட்சியகம். 1883இல் தொடங்கியது, நாட்டிலேயே பழையது. அறிவியல் பக்கம் பார்க்க வேண்டுமானால் கோலாலம்பூரில் 1996இல் திறந்த தேசிய அறிவியல் மையம் இருக்கிறது. போனால் பொருள்களைப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். ஒரு மூலையில் அரை மணி நேரம் நின்று வருகிறவர்களைப் பாருங்கள்: எங்கே நிற்கிறார்கள், எதைப் படிக்காமல் தாண்டுகிறார்கள், பிள்ளை எங்கே அம்மாவின் கையை இழுக்கிறது. அந்த அரை மணி நேரம் பத்துக் கூட்டத்துக்குச் சமம்.

இரண்டாம் படி: பொருள் கேட்கும் விதம்

“வீட்டில் பழைய சாமான் ஏதாவது இருக்கா?” என்று கேட்டால் “என்னய்யா இருக்கு, எல்லாம் தூக்கிப் போட்டாச்சு” என்ற பதில்தான் வரும். வெட்கமும் அதில் கலந்திருக்கும். கேள்வியை மாற்றுங்கள். “காலையில் பெரட்டுக்குப் போகும்போது கையில் என்னென்ன வைத்திருப்பீர்கள் பாட்டி?” என்று கேளுங்கள். பெரட்டு என்றால் விடிவதற்கு முன் ஆள் கணக்கெடுக்கும் வரிசை; தோட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இப்படித்தான் ஒரு பாட்டியிடம் கேட்டேன். விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். கத்தி, தலைவிளக்கு, ஒட்டுப்பால் (வெட்டிலும் மங்கிலும் காய்ந்து ஒட்டிய பால்) போடும் பை, தூக்குச்சட்டியில் பசியாற ரொட்டி, கொசுவுக்குக் கொளுத்திக் கட்டிக்கொள்ளும் துணித்திரி. சொல்லிக்கொண்டே போனவர் திடீரென்று எழுந்து பின்கட்டுக்குப் போனார். கற்பூரவல்லிச் செடி வைத்திருந்த ஒரு பீங்கான் மங்கோடு வந்தார். மரத்தில் கம்பி வளையத்தில் உட்கார்ந்து பால் பிடிக்கும் அதே மங்குதான். செடியைப் பிடுங்கி மண்ணைத் தட்டிவிட்டு, “இதுவா உங்களுக்கு வேணும்?” என்றார். உட்புறம் பால் காய்ந்த கறுப்புக் கோடு அப்படியே இருந்தது. விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. எங்கள் முதல் காட்சிப்பொருள் அதுதான்.

பொருள் கைக்கு வந்த அன்றே மூன்று வேலை செய்யுங்கள்.

ஒன்று, தாள். கொடையா இரவலா என்று தெளிவாக எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து. இரவல் என்றால் திருப்பிக் கொடுக்கும் தேதி. படத்தை அச்சிலோ இணையத்திலோ போடலாமா என்பதைத் தனி வரியாகக் கேளுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, வீட்டில் இன்னொருவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, எண். ஆண்டு, அந்த ஆண்டில் எத்தனையாவது கொடையாளர், அவர் கொடுத்ததில் எத்தனையாவது பொருள். 2024.3.2 என்றால் 2024இல் மூன்றாமவர் கொடுத்த இரண்டாம் பொருள். பெரிய அருங்காட்சியகங்களும் இந்த முறையைத்தான் வைத்திருக்கின்றன. தாள் பொருளாக இருந்தால் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் மட்டும் எழுதுங்கள். பேனா வேண்டாம், ஒட்டும் சீட்டு வேண்டாம்.

மூன்று, குரல். பொருளைக் கொடுத்தவரைப் பத்து நிமிடம் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். நாளை என்று தள்ளிப் போட்டு நாங்கள் இரண்டு பேரை இழந்துவிட்டோம்.

பேச்சைப் பதியும்போது கடிகாரத்தில் ஏமாறாதீர்கள். தீபகற்ப மலேசியா 1982 சனவரி 1 முதல் மணியை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது. அதற்கு முந்திய காலத்தை நினைத்து “ஐந்தரைக்குப் பெரட்டு” என்று ஒரு தாத்தா சொன்னால், இன்றைய கடிகாரத்தில் அது ஆறு. இதைக் கவனிக்காமல் எழுதி, முதல் கண்காட்சியிலேயே ஒரு பெரியவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளாதீர்கள். ஐந்தாவது அம்மிக்கல் வந்தபோது நாங்கள் கும்பிட்டு அனுப்பிவிட்டோம். சிவப்பு அடையாள அட்டை, ரஜுலா கப்பல் பயணச்சீட்டு, குடியுரிமைத் தாள் போன்றவற்றைப் படம் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பிக் கொடுப்பது நல்லது. அவை அந்தக் குடும்பத்துக்கு இன்னும் தேவைப்படலாம். கண்காட்சிக்கு நகல் போதும். அடையாள எண்ணை மறைத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: பூஞ்சையும் பூச்சியும்

இது சுவாரசியமில்லாத பகுதி, ஆனால் தாண்டிவிட முடியாது. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. 65, 70 தாண்டினாலே தாளிலும் துணியிலும் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். குளிர்சாதனம் இரவு பகலாக ஓட வசதியில்லை என்றால் வேண்டவே வேண்டாம். பகலில் ஓட்டி இரவில் நிறுத்தினால் பொருள் ஈரத்தில் ஊறி ஊறிக் காய்கிறது. அதைவிட மின்விசிறியும் காற்றோட்டமும் மேல். தாள் பொருள்களை மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். பெட்டியைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், தரையிலும் வைக்காதீர்கள். கரையானுக்கு நாமே பாலம் போட்டுக் கொடுத்ததுபோல் ஆகிவிடும்.

இராமபாணப் பூச்சியோ வண்டோ இருப்பதாகச் சந்தேகம் வந்தால், பருத்தித் துணி, கூடை போன்ற பொருளைப் பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி உறைபெட்டியில் இரண்டு வாரம் போடுங்கள். வீட்டு உறைபெட்டி ஏறத்தாழ −18 பாகை செல்சியசில் இருக்கும், அது போதும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லையென்றால் வியர்த்து நனைந்துவிடும். புகைப்படம், வண்ணம் பூசிய மரம் இவற்றுக்கு இந்த வைத்தியம் ஆகாது.

வெளிச்சமும் பகைதான். துணி, புகைப்படம், கடிதம் இவற்றின் மேல் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்ச அளவு) மேல் படக்கூடாது என்பது பொதுவான அளவு. கைப்பேசியிலேயே ஏறத்தாழ அளந்து பார்க்கலாம். சன்னல் வெயில் விழும் சுவரில் திருமணப் படத்தை மாட்டுவதும் அதை வெளுக்கப் போடுவதும் ஒன்றே.

ஒட்டுநாடா வேண்டாம். எங்கள் தொண்டர் ஒருவர் நல்லெண்ணத்தில் கிழிந்த பள்ளிப் படத்தின் பின்னால் ஒட்டுநாடா போட்டார். சில மாதத்தில் பசை மஞ்சளாகி முன்பக்கம் ஊறி, இரண்டாம் வரிசையில் நின்ற ஒரு பையனின் முகத்தின் மேல் கறையாக நின்றது. அந்தப் பையனின் தங்கைதான் படத்தைக் கொடுத்தவர். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. லேமினேட் செய்வதும் இதே கதைதான், பிறகு பிரிக்கவே முடியாது.

நான்காம் படி: தலைப்பு வேண்டாம், கேள்வி வையுங்கள்

“தோட்டப்புற வாழ்க்கை” என்று தலைப்பு வைத்தால் ஊரில் உள்ள எல்லாச் சாமானும் மேசைக்கு வந்துவிடும், பார்த்தவர் ஒன்றையும் நினைவில் வைத்திருக்க மாட்டார். ஒரு கேள்வியை எடுங்கள். எங்கள் முதல் கண்காட்சியின் கேள்வி: “ஏன் விடிவதற்கு முன்?”

பால் வெட்டப் போனவர் எல்லாருக்கும் இந்தக் கேள்வி பழக்கம். பதில் தெரிந்தவர் குறைவு. துரை சொன்னார், அதனால் போனோம் என்பார்கள். உண்மைக் காரணம் மரத்துக்குள் இருக்கிறது. இரவில் இலை நீரை அதிகம் இழப்பதில்லை. அதனால் பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்களில் அழுத்தம் விடியற்காலையில் மிக அதிகமாக இருக்கும். வெயில் ஏற ஏற இலை வழியாக நீர் போய் அழுத்தம் குறையும், பாலும் குறையும். அந்தக் குழாய்கள் நேராக மேலே போவதில்லை, சற்றே வலப்பக்கம் சாய்ந்து சுற்றி ஏறுகின்றன. அதனால்தான் வெட்டு இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் தாழ்வாக, ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் இறங்குகிறது. அப்போதுதான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஆழம் மில்லிமீட்டர் கணக்கு. கொஞ்சம் கூடினால் பட்டையை வளர்க்கும் மெல்லிய அடுக்கு காயப்படும், மரம் முண்டு முண்டாக வீங்கும், கங்காணியிடம் ஏச்சு விழும். தலைவிளக்கு வெளிச்சத்தில் நாளுக்கு நூற்றுக்கணக்கான மரத்தில் இதைச் செய்த கையை என்னவென்று சொல்வது?

இந்த ஒரு கேள்விக்குள்ளேயே வரலாறும் வந்துவிடும். 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் சில ஆயிரம்தான் முளைத்தன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன, அவற்றில் ஒரு பங்கு எங்களுக்குப் பக்கத்தில் உள்ள கோலகங்சாரில் நடப்பட்டது. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்ட அதைவிட நல்ல காட்சிப்பொருள் இல்லை, காப்புறுதியும் தேவையில்லை. மரத்தைக் கொல்லாமல் மெல்லிசாகச் சீவி, அதே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறக்கும் முறையை வளர்த்தெடுத்தவர் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தை 1888 முதல் 1911 வரை நடத்திய ரிட்லி. தோட்டக்காரர்களிடம் ரப்பர் நடச் சொல்லி விடாமல் வற்புறுத்தியதால் அவருக்குப் பைத்தியக்கார ரிட்லி என்று பட்டப்பெயர்.

பொருள் எத்தனை வேண்டும்? அந்தக் கண்காட்சிக்கு ஒன்பதே பொருள். கத்தி, தலைவிளக்கு, மங்கு, காண்டாக்கம்பு (பால் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கும் கம்பு), வாளி, ஒட்டுப்பால் பை, பழைய வெட்டுத் தழும்பு தெரியும் ஒரு மரத்துண்டு, பெரட்டு மணி, ஒரு பாட்டி கரித்துண்டால் வரைந்த நிரை. கடைசியாகச் சொன்னதுதான் கலைப் பகுதி. “எனக்கு வரையத் தெரியாது” என்றவர், கண்ணை மூடிக்கொண்டு தன் மரங்கள் நின்ற வரிசையை வரைந்தார். எந்த மரம் பால் வற்றியது, எதில் குளவிக்கூடு இருந்தது என்று குறி போட்டார்.

ஐந்தாம் படி: விளக்க அட்டை

புதியவர்கள் அதிகமாகத் தவறுவது இங்கேதான். எங்கள் முதல் வரைவு இப்படி இருந்தது:

“ரப்பர் பால் சேகரிக்கப் பயன்படுத்தப்பட்ட பீங்கான் கோப்பை. தோட்டத் தொழிலாளர்களின் தியாகத்தையும் உழைப்பையும் பறைசாற்றும் அரிய கலைப்பொருள்.”

பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். “இது யாரோட மங்கு?” என்று கேட்டார். அவருடையதுதான். மறுபடி எழுதினோம்:

“மங்கு. விளிம்பில் உள்ள சில்லு, மழை ஈரத்தில் வழுக்கி விழுந்த அன்று பெயர்ந்தது. கொட்டிய பாலை மண்ணோடு அள்ளி ஒட்டுப்பால் பையில் போட்டதாகச் சொல்கிறார் இதை வைத்திருந்தவர். பிறகு இருபது வருடம் இதில் கற்பூரவல்லி வளர்ந்தது. விரலை உள்ளே விட்டுப் பாருங்கள்: பால் காய்ந்த கோடு தட்டுப்படும்.”

பார்க்க ஒன்று, செய்ய ஒன்று, கேட்ட பேச்சு ஒன்று இருந்தால் போதும். ஐம்பது, அறுபது சொல்லைத் தாண்டாதீர்கள். தியாகம், பறைசாற்றும், அரிய என்ற சொற்களைக் கண்டால் அடித்துவிடுங்கள். அட்டையை அச்சுக்கு அனுப்புமுன் பொருளைக் கொடுத்தவருக்கு வாசித்துக் காட்டுவது எங்கள் கூடத்தில் விதி. இதற்கு விலக்கே கிடையாது.

தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் வையுங்கள். பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் சீனரும் அதே தோட்டத்தில் வேலை செய்தவர்கள்தான். மலாய் வரியைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பார்க்கட்டும், மொழிபெயர்ப்புச் செயலியை நம்பாதீர்கள். “ஒட்டுப்பால்” என்பதை எங்கள் செயலி குடிக்கிற பாலாக்கிவிட்டது. எழுத்து 24 புள்ளிக்குக் குறையக் கூடாது, தமிழில் சொற்கள் நீளம் என்பதால் அட்டையை அகலமாக வெட்டுங்கள். படங்களின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பது வழக்கம். சக்கர நாற்காலியில் வருபவர்களும் சின்னப் பிள்ளைகளும் அதிகம் என்றால் இன்னும் தாழ்த்துங்கள்.

அப்புறம், தொடுவதற்கென்று ஒரு மேசை. 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் பிராங்க் ஓப்பன்ஹைமர் எக்ஸ்ப்ளோரட்டோரியத்தைத் திறந்தபோது, பார்வையாளர் கையால் செய்து பார்க்கட்டும் என்பதே அடிப்படையாக இருந்தது. நமக்கு அத்தனை கருவி வேண்டாம். ஒன்றுக்கு இரண்டாக இருக்கும் பொருளில் ஒன்றைத் தொடுமேசைக்குக் கொடுங்கள். கத்தி மட்டும் வேண்டாம். வாளி இரண்டிலும் தண்ணீர் நிரப்பிக் காண்டாக்கம்பைப் பிள்ளைகள் தோளில் வைத்துப் பாருங்கள், பத்தடி நடக்கட்டும். அதற்குமேல் விளக்கவுரை தேவைப்படாது.

ஆறாம் படி: நிகழ்ச்சிகள்

கண்காட்சியை ஒருவர் ஒரு முறைதான் பார்ப்பார். நிகழ்ச்சி வைத்தால்தான் திரும்பி வருவார். எங்களிடம் நன்றாக ஓடிய மூன்றைச் சொல்கிறேன்.

பால் உறைய வைப்பது. இன்னமும் ரப்பர் வெட்டும் சிறுதோட்டக்காரர் ஒருவரிடம் அன்று காலைப் பாலை வாங்குங்கள். தாமதித்தால் தானாகவே கட்டிப்பாலாகிவிடும். ஒரு கோப்பைப் பாலுக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் சேர்த்து வடிகட்டி, சாதாரண வினிகரைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கலக்குங்கள். சிறிது நேரத்தில் திரளத் தொடங்கும். பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிவதுபோலத்தான் என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் பிடிபடும். பாலில் மிதக்கும் ரப்பர்த் துளிகள் மேல் எதிர்மின்னேற்றம் இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக நிற்கின்றன. புளிப்பு சேர்ந்ததும் அந்த ஏற்றம் அடங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. திரண்டதைக் கழுவிப் பிழிந்து, போத்தலால் உருட்டித் தகடாக்கிக் காயப் போடுங்கள். தோட்டத்துப் பால் ஸ்டோரில் ஊற்றிய எறும்பு அமிலம் பிள்ளைகள் கையில் வேண்டவே வேண்டாம், தோலைப் பொசுக்கிவிடும். ரப்பர்ப் பால் சிலருக்கு ஒவ்வாமை தரும். பலூன் ஊதினால் உதடு வீங்குமா என்று பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய உடை போட்டு வரச் சொல்லுங்கள், துணியில் பட்டால் போகாது. மிச்சத்தைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். அதற்கு நாங்கள் கொடுத்த கூலி எண்பது வெள்ளி (ரிங்கிட்).

நிழலில்லா நாள். சுங்கை சிப்புட் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 4.8 பாகையில் இருப்பதால், ஏப்ரல் 2ஐ ஒட்டியும் செப்டம்பர் 10ஐ ஒட்டியும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நட்ட கம்புக்கு நிழல் காணாமல் போகும். நேரம் பன்னிரண்டு மணி இல்லை. ஏப்ரலில் 1.19, செப்டம்பரில் 1.13 வாக்கில். நம் கடிகாரம் ஊரின் உண்மை நண்பகலைவிட ஒன்றேகால் மணி நேரம் முந்தி ஓடுவதுதான் காரணம். மேகம் மூடிவிட்டால் கவலை வேண்டாம், முதல் நாளும் மறுநாளும் ஒரு மீட்டர்க் கம்பின் நிழல் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் விழும். ஆகையால் மூன்று நாளையும் குறித்து வையுங்கள். வேறு ஊர்க்காரர்கள் உங்கள் ஊரின் அட்சரேகைக்குத் தேதியைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்; தெற்கே போகப் போக மார்ச் பக்கமும் செப்டம்பர் பின்பாதிப் பக்கமும் நகரும். முதல் ஆண்டு எங்கள் பள்ளித் திடலில் முப்பது பிள்ளைகள் ஆளுக்கொரு மங்கைக் கவிழ்த்து வைத்துக் காத்திருந்தார்கள். நிழல் உள்ளே இழுத்துக்கொண்ட அந்த ஒரு நிமிடம் திடலில் சத்தமே இல்லை.

மூன்றாவது செம்பனை வண்டு. 1981 வரை நம் தோட்டங்களில் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் தூவியது பெரும்பாலும் மனிதக் கை, அதுவும் பெண்களின் கை. மகரந்தத்தை டால்கம் மாவோடு கலந்து பூவில் ஊதுவார்கள். அந்த ஆண்டு கெமரூனிலிருந்து ஒரு சின்னஞ்சிறு மூக்கு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், அந்த வேலையே இல்லாமல் போனது. தோட்டத்து அனுமதியோடு ஓர் ஆண் பூங்கொத்தை வெட்டி வந்து வெள்ளைத் துணிமேல் தட்டுங்கள். வண்டுகள் கொட்டும், உருப்பெருக்கிக் கண்ணாடி கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். அந்த வேலை பார்த்த அம்மா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் நிகழ்ச்சி முழுமையாகும். எங்களிடம் வந்தவர் வண்டை உற்றுப் பார்த்துவிட்டு, “நீதானா என் சம்பளத்தைத் தின்னது” என்றார்.

கோலம் பற்றிச் சுருக்கமாக: கணக்கு வாத்தியாரையும் கோலம் போடத் தெரிந்த ஒருவரையும் ஒரே பாயில் உட்கார வையுங்கள். சிக்குக் கோலத்தில் ஒரே கோடு எல்லாப் புள்ளியையும் சுற்றி வருமா, இரண்டு கோடு வேண்டுமா என்ற வாக்குவாதம் தானே தொடங்கும்.

சனிக்கிழமை காலை ஒன்பதரை நல்ல நேரம். பிற்பகல் இடி மழைக்கு முன் முடித்துவிடலாம். தைப்பூசம், தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரம், பள்ளித் தேர்வு வாரம் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். திறப்பு விழாவுக்குப் பிரமுகரை அழைப்பது உங்கள் விருப்பம். நாங்கள் ஒருவரை அழைத்தோம். ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார், அதற்குள் வாளியில் பால் தானாக உறைந்துவிட்டது, பிள்ளைகள் ஐஸ்கிரீம் வண்டிக்குப் போய்விட்டார்கள். இப்போதெல்லாம் பொருள் கொடுத்தவர்களில் மூத்தவர்தான் நாடாவை வெட்டுகிறார்.

ஏழாம் படி: கனமான கதைகள்

இந்த ஊரில் இதைத் தவிர்க்க முடியாது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதைத் தொடர்ந்துதான் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கில அரசு அவசரகாலம் அறிவித்தது. அதற்கு முன் சப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை போடும் வேலைக்குப் போய்த் திரும்பாதவர்கள் எத்தனையோ குடும்பத்தில் உண்டு. இவற்றைக் காட்சிக்கு வைக்கும்போது தீர்ப்பு எழுதாதீர்கள். தேதி, இடம், தாள், ஒருவரின் சொந்தப் பேச்சு, இவ்வளவும் போதும். எந்தப் பக்கம் இருந்தவர்களின் பிள்ளைகளும் இன்று ஒரே சந்தையில்தான் மீன் வாங்குகிறார்கள். பேசியவர் பெயரைப் போட வேண்டாம் என்றால் போடாதீர்கள். பேசி முடித்தவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள், யாராவது கூடப் போய் வாசல்வரை விட்டு வரட்டும்.

எட்டாம் படி: மூடும் நாள்

எத்தனை பேர் வந்தார்கள் என்பதை வாசலில் கோடு போட்டு எண்ணுங்கள். அதோடு, இரண்டாம் முறை வந்தவர்களைத் தனியாகக் குறியுங்கள். மானியம் கேட்டு எழுதும்போது முதல் எண் உதவும், அடுத்த கண்காட்சியைத் திட்டமிட இரண்டாவது உதவும்.

இரவல் பொருளை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள், வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். தாளில் திரும்பப் பெற்றதாகக் கையெழுத்து வாங்குங்கள். கையில் பதிவேடும் பென்சிலும் இருக்கட்டும், ஏனென்றால் பாதிப் பொருள் அந்த வாசலில்தான் கிடைக்கிறது. கற்பூரவல்லிப் பாட்டி தன் மங்கை வாங்கி, மண் நிரப்பி, ஒரு கொப்பை ஒடித்து மறுபடி நட்டுவிட்டு, கையைச் சேலையில் துடைத்தபடி சொன்னார்: “பரண்மேல அவரோட பெரட்டுப் புத்தகம் ஒண்ணு கிடக்கு. ஏணி கொண்டு வர்றியா?”